லீவு லிஸ்ட்ல அஞ்சு சாமிக்குத்தான் இடம்

டிசம்பர் வந்தாலே ஆபீஸ்ல வருஷம் பூரா என்கிட்ட பேசாதவங்க கூட வந்து பேசுவாங்க. காபி மெஷின் பக்கத்துல சும்மா நிக்கிற மாதிரி நின்னுட்டு "என்ன மேம், அடுத்த வருஷ லிஸ்ட் ரெடியா"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் ஹெச்ஆர். அதுலயும் ஆள் எடுக்கிற, மேடையில மைக் பிடிக்கிற பளபள ஹெச்ஆர் இல்ல, சம்பளம், அட்டெண்டன்ஸ், பிஎஃப், லீவுன்னு எக்ஸெல் ஷீட்டுக்குள்ளயே குடித்தனம் பண்ற பின்கட்டு ஹெச்ஆர். பெங்களூர்ல மாரத்தஹள்ளி தாண்டி ரிங் ரோட்டு மேல ஒரு கண்ணாடிக் கட்டடம், அதுல நாலாவது மாடி. அடுத்த வருஷம் எந்தெந்த நாள் லீவுன்னு லிஸ்ட் போட்டு மேல கையெழுத்து வாங்கி லேபர் டிபார்ட்மெண்டுக்கு அனுப்புறது பதினோரு வருஷமா என் வேலை.

வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத வேலை மாதிரி தெரியும். கர்நாடகால 1963ல போட்ட ஒரு சட்டம் இருக்கு, தொழில் நிறுவனங்களோட தேசிய, பண்டிகை லீவு பத்தினது. அதுப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கர்நாடகா உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவம், இந்த அஞ்சும் கை வைக்க முடியாதது. அதுக்கு மேல பண்டிகைக்குன்னு ஒரு அஞ்சு. ஆக மொத்தம் பத்து, எங்க கம்பெனி அதுக்கு மேல ஒண்ணு கூட தராது. இப்ப அந்த அஞ்சுக்கு யார் யாரெல்லாம் வரிசைல நிக்கிறாங்க பாருங்க: சங்கராந்தி, உகாதி, ரம்ஜான், பக்ரீத், புனித வெள்ளி, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, விஜயதசமி, தீபாவளி, கிறிஸ்துமஸ், இதுல மலையாளிங்க ஓணம் கேப்பாங்க, வடக்கத்திக்காரங்க ஹோலி கேப்பாங்க, நம்மாளுங்க மாட்டுப் பொங்கலும் சேத்துக் குடுங்கன்னு கேப்பாங்க, பெங்காலிங்க துர்கா பூஜைக்கு நாலு நாளும் வேணும்னு கண்ணீர் விடாத குறையா கேப்பாங்க. சீட்டு அஞ்சுதான்.

தீபாவளியே எடுத்துக்கோங்க, ஒரே பண்டிகைதானேன்னு நினைப்பீங்க. தமிழங்களுக்கு நரக சதுர்த்தசி அன்னிக்கு விடிகாலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சாதான் தீபாவளி, வடக்க அமாவாசை ராத்திரி லட்சுமி பூஜைதான் தீபாவளி, இங்க கன்னடக்காரங்களுக்கு பலிபாட்யமின்னு இன்னொரு நாள் அதை விட முக்கியம். எந்த நாளைப் போட்டாலும் மத்த ரெண்டு கோஷ்டி என்னை முறைக்கும். 2024ல நான் தப்பிச்சேன், அக்டோபர் 31 தீபாவளி, மறுநாள் நவம்பர் 1 எப்படியும் லீவு, அதுக்கு மறுநாள் சனிக்கிழமை. அந்த வருஷம் எனக்கு ரெண்டு பேர் ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்க, ஏதோ காலண்டரை நானே உக்காந்து எழுதுன மாதிரி.

2022ல இதுக்கு நேர் எதிர். மே 3ஆம் தேதி ரம்ஜான், அன்னிக்கே பசவண்ணர் பிறந்தநாளான பசவ ஜெயந்தி, அன்னிக்கே அட்சய திருதியை. மூணு பண்டிகை ஒரே நாள்ல விழுந்துச்சு. எங்க ஃபினான்ஸ் ஆளுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே, "ஒரு லீவுல மூணு பேர் ஹேப்பி"ன்னு சொன்னார். ஆளுங்க கணக்கு வேற, அவங்களுக்கு ரெண்டு லீவு போச்சு.

இதையெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்ல ஆரம்பிச்சேன், ஆனா ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம் வேற. ஆபீஸ்ல மதம்னா எல்லாரும் பெரிய பெரிய வார்த்தையா பேசுறாங்க, நம்பிக்கை, சகிப்புத்தன்மை, டைவர்சிட்டின்னு. அட்டெண்டன்ஸ் ஷீட் பாக்கிற எனக்கு அது பெரும்பாலும் நேரமாத்தான் கண்ணுல படுது. யாருக்கு எந்த அரை மணி நேரம் வேணும், யாருக்கு எந்த நாள் வேணும், அதைக் கேக்கிற தைரியம் யாருக்கு இருக்கு.

எங்கப்பா ஒரு கவர்மெண்ட் பேக்டரில டர்னர், லேத் மெஷின்ல இரும்பைக் கடையிற வேலை. நாங்க ஸ்ரீராம்புரத்துல இருந்தோம், காலைல ஆறு மணிக்கு பேக்டரி பஸ் மெயின் ரோட்டுல வந்து நிக்கும், அப்பா டிபன் கேரியரோட ஓடுவார். வருஷம் பூரா அந்த காம்பவுண்ட் சுவத்துக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது, ஒரே ஒரு நாள் தவிர. ஆயுத பூஜை அன்னிக்கு குடும்பத்தை உள்ள விடுவாங்க. புதுப் பாவாடை சட்டை போட்டுகிட்டு நானும் தம்பியும் அம்மாவும் போவோம். அந்த வாசனை இன்னிக்கும் மூக்குல இருக்கு, கூலண்ட் ஆயிலும் சாம்பிராணியும் சாமந்திப்பூவும் கலந்த வாசனை. லேத்தெல்லாம் ரெண்டு நாளா மண்ணெண்ணெய்யும் வேஸ்ட் துணியும் வெச்சுத் துடைச்சு புதுசாட்டம் மின்னும், ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருப்பாங்க, டெயில் ஸ்டாக் மேல விபூதிப் பட்டை, சக்குல சந்தனம் குங்குமம், வெர்னியர், மைக்ரோமீட்டரெல்லாம் ஒரு பலகைல சாமி பக்கத்துல அடுக்கியிருக்கும். அப்பா அவர் மெஷினைக் காட்டி "இதான் நம்மளை சாப்பிட வெக்கிறது, தொட்டுக் கும்பிடு"ன்னு சொல்வார். ஷாப் வாசல்ல சாம்பல் பூசணிய ஓட்டை போட்டு குங்குமம் போட்டு சில்லறை போட்டு ஒடைப்பாங்க. அப்புறம் கடலேபுரி. கர்நாடகால ஆயுத பூஜைன்னா பொரியும் பொட்டுக்கடலையும்தான், பேப்பர் கவர்ல வாழைப்பழத்தோட குடுப்பாங்க, நாங்க வர்ற வழியெல்லாம் கொறிச்சுகிட்டே வருவோம்.

அப்பாவுக்குப் பக்கத்து மெஷின் ஒரு பாய். வாணியம்பாடிக்காரர், அப்பாவும் அவரும் ஒரே வருஷம் சேந்தவங்க. மெஷின் துடைக்கிறதுல பாய்தான் முதல் ஆள், ஆரத்தி எடுக்கிற நேரத்துக்கு மட்டும் மெதுவா நழுவி டீ ஸ்டால் பக்கம் போயிடுவார், முடிஞ்சதும் வந்து பொரிக் கவரை வாங்கிக்குவார். அவர் போறதை யாரும் பாக்காத மாதிரி இருப்பாங்க. எனக்கு அப்ப அது புரியல, பாய் மாமா எங்க போயிட்டாரு கூப்பிடுன்னு சத்தமா கேட்டு அம்மாகிட்ட தொடைல கிள்ளு வாங்குனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பாய்க்கு கேட் பாஸ் உண்டு. லஞ்சு சங்கு ஊதினதும் சைக்கிள எடுத்துட்டுப் போவார், அரை மணி நேரம் லேட்டா வருவார், அந்த அரை மணிய சாயங்காலம் நின்னு முடிச்சுக் குடுப்பார், இது ஃபோர்மனுக்கும் அவருக்கும் வாய்ப் பேச்சுல இருந்த ஏற்பாடு. அதே மாதிரி கார்த்திகை மாசம் சபரிமலைக்கு மாலை போட்டவங்க செருப்பு போட மாட்டாங்க, லேத் ஷாப்ல வெறுங்காலோட நின்னா சூடான இரும்புச் சுருள் பாதத்தைக் கிழிச்சிடும், சேஃப்டி ஷூ இல்லாம உள்ள விடவும் கூடாது. அந்த ஃபோர்மன் என்ன பண்ணுவாருன்னா மாலை போட்ட ஆளுங்களை மண்டலம் முடியிற வரைக்கும் டூல் ஸ்டோருக்கு மாத்திடுவார். இன்சர்ட் எண்ணி வெக்கிறது, ட்ராயிங் அடுக்கிறது. அவர் சாமி கும்பிடாத ஆள்னு அப்பா சொல்வார், யூனியன்ல சிவப்புக் கொடி பிடிச்சவராம்.

பழைய காலம் எல்லாம் தங்கம்னு சொல்ல வரல. அதே பேக்டரில பூஜை கமிட்டின்னு ஒண்ணு இருந்துச்சு, சம்பளத்தன்னிக்கு தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிடுவாங்க. ஒரு கிறிஸ்டியன் அங்கிள், பெந்தெகொஸ்தே சபைக்காரர், அந்தக் காசை மட்டும் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார், கேன்டீனுக்கு, யாராச்சும் செத்தா வசூலுக்கு, எதுக்கு வேணா தர்றேன், இதுக்கு மனசாட்சி இடம் குடுக்கல. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவருக்குப் பேரே வேற. பொரிக் கவரை அவர் மேஜை மேல வேணும்னே வெச்சிட்டுப் போவாங்க, அவர் தொடாம இருக்கிறதைப் பாத்து சிரிக்க. சிரிச்சவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். போன வருஷம் இதை அவர்கிட்ட கேட்டேன். "பத்து ரூபாய்க்கு என்ன பிடிவாதம் மா அவனுக்கு"ன்னார். பத்து ரூபாய் வாங்கியே தீருவேன்னு நின்ன உங்க பிடிவாதம் என்ன பா அப்படின்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எழுவத்தெட்டு வயசு, ரெண்டு ஸ்டெண்ட். கேக்கல.

இப்ப என் ஆபீஸுக்கு வர்றேன். எங்க ஆபீஸ்ல எல்லா பண்டிகையும் உண்டு. சும்மா சொல்லல, எல்லாமே. விநாயகர் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையார், ஓணத்துக்கு லிஃப்ட் வாசல்ல பூக்கோலம், நவராத்திரிக்கு ஒன்பது கலர்ல ஒன்பது நாள் டிரெஸ், கிறிஸ்துமஸுக்கு சான்டா தொப்பி, ரம்ஜானுக்கு கேன்டீன்ல பிரியாணி. எல்லாத்துக்கும் போட்டோ, எல்லா போட்டோவும் கம்பெனி பேஜ்ல. ஆயுத பூஜைக்கு சர்வர் ரூம் கதவுல மாவிலை கட்டி குங்குமம் வெப்பாங்க. ஒரு வருஷம் ஆரத்தில கற்பூரம் கொஞ்சம் தாராளமா ஏத்திட்டாங்க, ஸ்மோக் டிடெக்டர் கத்த ஆரம்பிச்சு, கட்டடத்துல இருந்த நாலு கம்பெனி ஆளுங்களும் படியிறங்கி ரோட்டுக்கு வந்து, பார்க்கிங்ல ஒடைச்ச பூசணிக்காய் மேல ஒருத்தர் சறுக்கி விழுந்து, பெரிய கூத்து. அதுக்கப்புறம் ஃபெசிலிட்டி டீம் பூஜைக்கு ஒரு பெர்மிட் ஃபார்ம் வெச்சிருக்காங்க, சாமிக்கு எத்தனை கற்பூரம்னு அதுல எழுதணும். குங்குமக் கறை எங்களுக்கு மட்டும் தலைவலி இல்ல, 2023ல கர்நாடக சட்டசபை இருக்கிற விதான சௌதா வராண்டாலயே ஆயுத பூஜைக்கு ரசாயனக் கலர் போடாதீங்க, தரையில போக மாட்டேங்குதுன்னு சர்க்குலர் விட்டாங்க.

இவ்வளவு கொண்டாட்டம் நடக்கிற ஆபீஸ்ல ஒருத்தன் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறதுக்கு வயித்து வலின்னு பொய் சொல்லிகிட்டு இருந்தான். ரெண்டு வருஷம்.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்றேன். ஒரு டீம் மேனேஜர் வந்து ஒரு பையனைப் பத்தி கம்ப்ளெயிண்ட் பண்ணார், வெள்ளிக்கிழமையானா அரை நாள் சிக் லீவு போடுறான், வீக்கெண்டுக்கு ஊருக்கு ஓடுறான்னு நினைக்கிறேன், ஒரு மெமோ குடுங்க. நான் லீவு ஹிஸ்டரியை இறக்கிப் பாத்தேன். சிஸ்டத்துல வரிசையா நிக்குது, ஏப்ரல்ல ஆரம்பிச்சு அக்டோபர் கடைசி வரைக்கும் மாசத்துக்கு ரெண்டு மூணு வெள்ளிக்கிழமை அரை நாள். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒண்ணு கூட இல்ல. அதுக்கு முந்தின வருஷமும் அதே மாதிரி. ஊருக்கு ஓடுறவன் பொங்கலுக்குல்ல ஓடணும், இதென்ன வெயில் காலத்துல மட்டும் வர்ற வயித்து வலி?

ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சேன். அப்புறம் அந்த டீமோட காலண்டரைப் பாத்ததும் பட்டுன்னு விளங்குச்சு. அவங்க லண்டன் கிளையண்டுக்கு வேலை பாக்கிறாங்க, தினமும் லண்டன் நேரம் காலைல 9 மணிக்கு ஒரு மீட்டிங் கால். குளிர் காலத்துல லண்டன் 9 மணின்னா நமக்கு மதியம் ரெண்டரை. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, அப்ப அதே 9 மணி நமக்கு ஒன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப ரெண்டரைக்கு வந்துடும். பின்னாடி தெருவுல இருக்கிற மசூதில ஜும்மா ஒன்றே காலுக்கு ஆரம்பிச்சு ஒன்றே முக்கால் வாக்குல முடியும். குளிர் காலத்துல இவன் லஞ்சு பிரேக்ல போயிட்டு வந்து சோறு தின்னுட்டு காலுக்கு உக்காந்துடுவான், யாருக்கும் தெரியாது. லண்டன்காரன் கடிகாரத்தைத் திருப்பினா பெங்களூர்ல ஒருத்தனுக்கு வயித்து வலி வருது.

கூப்பிட்டு உக்கார வெச்சேன். அவனும் வாணியம்பாடி பக்கம்தான், என்னை அக்கான்னு கூப்பிடுவான். மெமோன்னதும் முகம் வெளுத்துப் போச்சு. "நேரா கேட்டிருக்கலாம்ல பா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னான், "கேட்டா அப்புறம் நான் அந்த ஆளாகிடுவேன் க்கா." எந்த ஆளுன்னு நான் கேக்கல. ஃப்ளாட் வாடகைக்குத் தேடுனப்ப மூணு எடத்துல பேரைக் கேட்டதும் வீடு போயிடுச்சுன்னு சொன்ன ஒருத்தன், ஆபீஸ்ல மட்டும் வெறும் சீனியர் டெவலப்பரா இருக்கணும்னு ஆசைப்பட்டா அதுல என்ன தப்பு இருக்கு.

மேனேஜரும் கெட்டவர் இல்ல, அதையும் சொல்லிடணும். விஷயத்தைச் சொன்னதும் அவரே திடுக்கிட்டுட்டார். லண்டனுக்கு ஒரே ஒரு மெயில் போட்டார், வெள்ளிக்கிழமை மட்டும் அந்த மீட்டிங் காலை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்கலாமா. பத்து நிமிஷத்துல பதில், சரி, எங்களுக்கும் வெள்ளிக்கிழமை காலைல கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சா நல்லதுதான். முடிஞ்சுது. ரெண்டு வருஷப் பொய், முப்பது நாப்பது அரை நாள், ஒரு மெமோ டிராஃப்ட், எல்லாத்துக்கும் மருந்து ரெண்டு வரி மெயில். அந்தப் பையனோட பிறந்தநாள் தெரியும், டி-ஷர்ட் சைஸ் தெரியும், ரம்ஜானுக்கு அவன் கைல பிரியாணித் தட்டைக் குடுத்து போட்டோ எடுத்து கம்பெனி பேஜ்லயும் போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை மதியம் அவனுக்கு என்ன வேணும்னு கேக்கணும்னு நான் உட்பட ஒருத்தருக்கும் தோணல.

அப்பா பேக்டரில ஒருத்தன் இல்லன்னா மெஷின் நின்னு போயிடும், சும்மா நிக்கிற லேத் எல்லார் கண்ணுலயும் படும், அதனால பேசித்தான் ஆகணும், பேசினா ஏற்பாடு வந்துடும். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அரை மணி நேரம் காணாமப் போனா கம்ப்யூட்டர்ல ஒரு பச்சைப் புள்ளி மஞ்சளா மாறும், அவ்வளவுதான், ஒளிஞ்சுக்க ரொம்ப வசதி. அதனால எல்லாரும் ஒளிச்சுக்கிறாங்க. சபரிமலைக்கு மாலை போட்ட ஒருத்தரை, கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமா இருக்காரேன்னு கிளையண்ட் வர்ற அன்னிக்கு வீட்ல இருந்து வேலை பாக்கச் சொன்னாங்க, அதையும் ஏதோ அவருக்கு உபகாரம் பண்ற மாதிரி. ஸ்டேஷ்னரி ரூம்ல ப்ரிண்டர் பேப்பர் அட்டைக்குப் பின்னாடி அஞ்சு நிமிஷம் அஸர் தொழுகிற ஒரு பொண்ணு இருந்தா, எனக்குத் தெரியும், நான் தெரியாத மாதிரி இருந்தேன். அது நல்லதுன்னு அப்ப நினைச்சேன்.

2022 பிப்ரவரி மார்ச் வாக்குல இங்க காலேஜ் ஹிஜாப் விவகாரம் பத்தி எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, மார்ச் 15ஆம் தேதி ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு. அந்த வாரம் ஒரு பொண்ணு இண்டர்வியூக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணுச்சு, சம்பளம் கேக்கல, ஷிஃப்ட் கேக்கல, "மேம், ஸ்கார்ஃப் போட்டுட்டு வரலாமா, அப்புறம் வந்து திரும்பிப் போக வேணாம்னு கேக்கிறேன்"னு ரொம்ப மெதுவா கேட்டுச்சு. தீர்ப்பு காலேஜ் யூனிஃபார்ம் பத்தினது, கம்பெனிக்கு அதுல சம்பந்தமே இல்ல, ஆனா பயத்துக்கு அந்த எல்லையெல்லாம் தெரியுமா. எங்க பாலிசில அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. நான் யாரையும் கேக்காம "தாராளமா வாங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே கை கொஞ்சம் நடுங்குச்சு, மேல யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு. யாரும் கேக்கல. அந்தப் பொண்ணு இப்ப டெஸ்டிங் டீம்ல லீடு.

அமெரிக்கால இதுக்கெல்லாம் சட்டமே இருக்கு. 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல மதத்தை வெச்சு வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுன்னு இருக்கு, ஊழியரோட மதப் பழக்கத்துக்கு முதலாளி முடிஞ்ச அளவு அனுசரிச்சுப் போகணும்னு 1972ல சேத்தாங்க. ஆனா 1977ல அவங்க சுப்ரீம் கோர்ட் ஒரு விமானக் கம்பெனி கேஸ்ல, அற்பச் செலவுக்கு மேல ஆச்சுன்னா அனுசரிக்க வேணாம்னு சொல்லி அதை நீர்த்துப் போக வெச்சுது. 2023 ஜூன்லதான் அது மாறுச்சு. பென்சில்வேனியால ஜெரால்ட் க்ரொஃப்னு ஒரு தபால்காரர், ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள், வேலை பாக்க மாட்டேன்னார், தபால் துறை அமேசான் பார்சல் போடச் சொல்லி அவரை வதைச்சுது, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், வியாபாரத்துக்குக் கணிசமான சுமைன்னு காட்டினாத்தான் முதலாளி மறுக்கலாம்னு தீர்ப்பாச்சு. ஒம்பது ஜட்ஜும் ஒரே பக்கம். நம்ம அரசியல் சட்டத்துல 25ஆவது பிரிவு மத சுதந்திரம் தருது, 16ஆவது பிரிவு அரசு வேலையில மதம் பாக்கக் கூடாதுங்குது, ரெண்டும் நல்ல பிரிவுதான், ஆனா ரிங் ரோட்டு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள அரை மணி நேரம் கேக்கிறவனுக்கு அதைக் காட்டி ஒண்ணும் வாங்க முடியாது. அங்க இருக்கிறது மேனேஜரோட மனசும், என்னை மாதிரி ஒரு எக்ஸெல் ஷீட்டுக்காரியும்தான்.

ஆன்மீகம்னு பேர் வெச்சா மட்டும் எல்லாத்துக்கும் நேரம் கிடைச்சிடும், அது தனிக் கதை. புதன்கிழமை புதன்கிழமை எங்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, கடைசியில ஓம். 1979ல மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டில ஜான் கபாட்-ஸின்ங்கிறவர் புத்த தியானத்துல இருந்து மதத்தைக் கழிச்சிட்டு வலியோட வர்ற நோயாளிங்களுக்குன்னு ஆரம்பிச்ச விஷயம், அது ஆஸ்பத்திரில இருந்து ஆபீஸுக்கு வந்து, ஆபீஸ்ல இருந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்ததும் யாரோ அதுல ஓமைத் திரும்பச் சேத்துட்டாங்க. எங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு அம்மா, அந்த பேக்டரி அங்கிள் மாதிரியே சபைக்காரங்க, ஓம் வேணாமே, நான் வெளிய நின்னுக்கிறேனேன்னு கேட்டாங்க. "இது மதம் இல்லையே மேடம், வெறும் சவுண்ட் வைப்ரேஷன்"னு பதில் வந்துச்சு. வெறும் சவுண்டுன்னா அதுக்கு எதுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கணும்? எனக்கு தியானம் பிடிக்கும், வீட்ல பண்றேன், அந்த இருபது நிமிஷத்துல என் மைக்ரேன் கூட குறையுது. ஆனா அந்த அட்டெண்டன்ஸ் ஷீட் வந்தப்ப எனக்கு மேஜை மேல வெச்ச பொரிக் கவர்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஷீட்டை மட்டும் நான் சிஸ்டத்துல ஏத்துறது இல்ல. தொலைஞ்சு போயிடுது.

விதான சௌதா வாசல் மேல "அரசு வேலை ஆண்டவன் வேலை"ன்னு எழுதியிருக்கும், முதலமைச்சரா இருந்த கெங்கல் ஹனுமந்தையா காலத்துல வந்தது. பஸ்ல போறப்ப அப்பா அதைப் படிச்சுக் காட்டி சிரிப்பார். எங்க ஃபெசிலிட்டில ஒரு கன்னடக்காரர் இருக்கார், லிங்காயத்து, கழுத்துல லிங்கம் கட்டியிருப்பார், அந்த பெர்மிட் ஃபார்ம் ஐடியா அவரோடதுதான். காயகவே கைலாசம்னு இந்த ஊர்ல எல்லாரும் சொல்வாங்க, செய்யிற வேலைதான் கைலாசம். அது வர்ற வசனம், அதாவது சிவனடியாருங்க கன்னடத்துல சொன்ன பாட்டு மாதிரியான வரிகள், 12ஆம் நூற்றாண்டுல ஆய்தக்கி மாரய்யாங்கிறவர் சொன்னதுன்னு அவர்தான் எனக்குச் சொன்னார். சிந்திக் கிடக்கிற அரிசியப் பொறுக்கி அதுல அடியாருக்குச் சோறு போடுறது மாரய்யாவோட வேலை. வேலையில மூழ்கியிருந்தா குரு தரிசனத்தையும் மறக்கணும், லிங்க பூஜையும் மறக்கணும், அடியாரே எதிர்ல வந்து நின்னாலும் கவலைப்பட வேணாம்னு போகுது அந்த வசனம். கேட்டதும் இது எங்க மேனேஜ்மெண்ட்டுக்குத் தெரிஞ்சா சுவத்துல பெருசா எழுதி வெச்சு எல்லா லீவையும் புடுங்கிடுவாங்களேன்னு சொன்னேன். அவர் சிரிக்கல. "முழுக் கதையும் கேளுங்க மேடம்"னார். ஒரு நாள் மாரய்யா வழக்கத்தை விட அதிகமா அரிசி கொண்டு வந்துட்டார், அவர் பொண்டாட்டி லக்கம்மா, இது தேவைக்கு மேல, பேராசை, போய்ப் போட்ட எடத்துலயே போட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டா. மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கிறதும் சேந்ததுதான் காயகம். ராத்திரி பத்து மணிக்கு வர்ற மெயிலுக்கெல்லாம் லக்கம்மா என்ன சொல்லியிருப்பான்னு அன்னிக்கு முழுக்க யோசிச்சேன்.

இந்த வருஷ லிஸ்ட்ல நான் ஒரு சின்ன வேலை பண்ணேன். அஞ்சுல மூணை எல்லாருக்கும் பொதுவா வெச்சிட்டு, மிச்ச ரெண்டை அவங்கவங்க தேர்ந்தெடுத்துக்கலாம்னு எழுதி அனுப்பினேன். லீகல்ல ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, மூணாவது தடவை விட்டுட்டாங்க. சந்தோஷமான்னு கேட்டா, பாதி. ரெண்டு நாளையும் பொங்கலுக்கு எடுத்துகிட்ட நம்மாளு ஒருத்தர், பக்ரீத்துக்கு லீவு எடுத்த பையனைப் பாத்து "உனக்கென்ன பா, உங்களுக்குன்னா குடுத்துடுறாங்க"ன்னு சொன்னதை நான் காதால கேட்டேன்.

ரம்ஜான் மட்டும் இன்னும் ராத்திரி வேலைதான். லிஸ்ட்ல பிறைக்கு உட்பட்டதுன்னு ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பேன், ஒவ்வொரு வருஷமும் அது பத்துப் பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துகிட்டே வரும், முந்தின நாள் சாயங்காலம் பிறை தெரிஞ்சா நாளைக்கு, தெரியலன்னா நாளன்னிக்கு. நான் லேப்டாப்பை மடியில வெச்சுகிட்டு ரெண்டு மெயிலும் டைப் பண்ணி வெச்சிட்டு உக்காந்திருப்பேன். வாணியம்பாடிப் பையன்தான் போன் பண்ணுவான், "தெரிஞ்சிடுச்சு க்கா, அனுப்பிடுங்க."

போன ஆயுத பூஜைக்கு அப்பா ஒரு ஆசையைச் சொன்னார். நான் உன்னை எத்தனை தடவை பேக்டரிக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கேன், உன் ஆபீஸை ஒரு தடவை பாக்கிறேனே. எங்க ஆபீஸ்ல குடும்பத்தை உள்ள விடுற வழக்கம் இல்ல, விசிட்டர் பாஸ்னா லாபி வரைக்கும்தான், அதுக்கு மேல கிளையண்ட் டேட்டா. சரின்னு கூட்டிட்டு வந்தேன். லாபி சோபால உக்காந்து கண்ணாடிச் சுவரையும், செயற்கைச் செடியையும், லிஃப்டையும் பாத்துகிட்டே இருந்தார். மேல இருந்து பொரிக் கவர் கொண்டு வந்து குடுத்தேன். "உன் மெஷின் எது"ன்னார். பேக்ல இருந்து லேப்டாப்பை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது உன்னுதா, கம்பெனியுதா"ன்னார். கம்பெனியுது பா. சட்டைப் பாக்கெட்ல ஒரு பொட்டலம் வெச்சிருந்தார், வீட்டுப் பூஜைல இருந்து கொண்டு வந்த குங்குமம். மோதிர விரலால தொட்டு, மூடி மேல அசெட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பொட்டு வெச்சார். வெச்சிட்டு, இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் தொட்டுக் கும்பிடச் சொல்லுவார்னு பாத்தேன், சொல்லல.

மார்ச்ல எனக்குப் புது லேப்டாப் வந்துச்சு, பழசைத் திருப்பிக் குடுக்கணும். ஐடி டெஸ்க்ல இருந்த பையன் சார்ஜர் இருக்கா, கீறல் இருக்கா, கறை இருக்கான்னு ஃபார்ம்ல ஒவ்வொண்ணா டிக் பண்ணிகிட்டே வந்தான். மூடியத் திருப்பினான். அந்தப் பொட்டு காஞ்சு லேசா ஆரஞ்சு கலர்ல இன்னும் இருந்துச்சு. ஒரு நிமிஷம் அதையே பாத்தான், என்னைப் பாத்தான், கறைங்கிற எடத்துல இல்லைன்னு டிக் பண்ணிட்டு கையெழுத்துக்கு நீட்டினான்.